கண்ணுக்குக் கீழே ஒரு பேர்

போன வாரம் கௌசல்யா போன் பண்ணினாள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உள்ள பேனர் கடையில், இருபத்தாறு வருஷம் நான் டிசைனராக உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்காருகிறவள். பழைய ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தாளாம்.

"யக்கா, ஒரு பெரியவரு மூஞ்சி, முழுக்க எழுத்தாலயே பண்ணது, ரெண்டு ஃபைலு கீது. ரெண்டும் ஒரே மாதிரிதான் கீது. ஒண்ணுல மட்டும் ஒரு லேயரு மூடிக் கெடக்குது, இன்னொண்ணுல தொறந்து கீது. எத அழிக்கட்டும்?"

"ரெண்டும் இருக்கட்டும்."

"எடம் அடைக்குதுக்கா."

"அடைச்சா அடைக்கட்டும்டி!" என்று கத்திவிட்டேன். அவள் பயந்து போனை வைத்துவிட்டாள். பாவம், அவள் என்னத்தைக் கண்டாள்? அவளுக்குச் சொல்லும் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். நேரில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன்.

நான் படித்தது பெரிசாக ஒன்றும் இல்லை. டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர். காஞ்சிபுரத்தில் ஆறு மாசம் டிடிபி. அங்கே சொல்லிக்கொடுத்ததில் பாதி கடையில் உதவவில்லை. கல்யாணப் பத்திரிகை, பில் புக், டியூஷன் நோட்டீஸ் என்று ஓடிக்கொண்டிருந்தபோது ஃப்ளெக்ஸ் வந்தது. வந்ததும் ஊரே மாறிப்போனது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எல்லாவற்றுக்கும் பத்தடிக்கு எட்டடி பேனர். என் பேர் வசந்தா என்று ஒருத்தருக்கும் தெரியாது. கம்ப்யூட்டரக்கா என்றால் தெரியும். "யக்கா, என்னைப் புலி பக்கத்துல நிக்க வெச்சுக் குடு" என்று வருவார்கள். நிக்க வைத்தேன். புலிக்குத்தான் கொஞ்சம் சங்கடமாக இருந்திருக்கும்.

எழுத்தாலேயே முகம் செய்கிற வேலை எனக்குத் தற்செயலாக வந்தது. ஒரு தலைமை ஆசிரியர் ஓய்வு பெறுகிறார், அவரிடம் படித்த பிள்ளைகளின் பேர்களை எல்லாம் பேனரில் போட வேண்டும் என்றார்கள். பேர்களைப் போட்டால் அவர் போட்டோவுக்கு இடமில்லை. போட்டோவைப் போட்டால் பேர்களுக்கு இடமில்லை. அப்போதுதான் பேர்களாலேயே அவர் முகத்தைச் செய்தால் என்ன என்று தோன்றியது. மூன்று நாள் ஆனது. அந்த மனுஷன் பேனருக்கு முன்னால் நின்று, தன் மூக்கில் யார் இருக்கிறார்கள் என்று தேடித் தேடிச் சிரித்தார். அதற்கப்புறம் சாலவாக்கம் வரைக்கும் பேர் பரவிவிட்டது.

கௌசல்யா, நீ போனில் ஏதோ ஆப் வைத்து ஒரு நிமிஷத்தில் செய்கிறாயே, அது பேர்களைச் சல்லடையில் கொட்டிச் சலித்த மாதிரி இருக்கிறது. காது ஓரத்தில் பாதிப் பேர் வெட்டுப்பட்டு நிற்கிறது. யாராவது தன் பேரைப் பாதி வெட்டக் கொடுப்பார்களா? நான் செய்த விதம் வேறு. முதலில் போட்டோவைக் கறுப்பு வெள்ளை ஆக்கி, வெளிச்சத்தை ஏற்றி, இருட்டை அழுத்தி, முகத்தை நாலே நாலு சாயலாகப் பிரிப்பேன். அடியில் முழுக் கறுப்பு. அதன்மேல் எழுத்து, எழுத்துக்குள் மட்டும் போட்டோ தெரியும். நெற்றியில் எழுத்து பளிச்சென்று இருக்கும், கழுத்துப் பக்கம் மங்கிக்கொண்டே போகும். ட, ப எல்லாம் நேர்க்கோட்டு எழுத்து. தாடை ஓரத்துக்கும் சட்டைக் காலருக்கும் அவைதான் சரி. இ, ஞ, ஐ கன்னத்துக்கு. புள்ளி அதிகம் உள்ள பேரைச் சின்ன எழுத்தில் வைத்தால் புள்ளி காணாமல் போய்விடும், அதனால் அந்தப் பேர்களுக்கு எப்போதும் நெற்றியில் இடம். ஒவ்வொரு பேரும் தனித்தனி லேயர், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் மாதிரி. லேயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் படம் இருக்குமே, அதை அமுக்கினால் பேர் மறையும், மறுபடி அமுக்கினால் வரும். எல்லாம் சரியானதும் ஃபைலுக்கு ஒரு காப்பி எடுத்து, அதில் மொத்த லேயரையும் ஒன்றாக்கிக் காஞ்சிபுரத்துக்குப் பிரிண்டுக்கு அனுப்புவேன். ஒன்றாக்கிவிட்டால் அந்த ஃபைலில் அப்புறம் எதையும் சேர்க்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது.

முதலாளி ஜெயவேலு சார் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அதுதான் பேஜார். சத்தம் போடுகிற ஆளிடம் நாமும் சத்தம் போட்டுவிட்டுப் போகலாம். இவர் ஸ்கிரீனில் ப்ரூஃப் பார்க்க மாட்டார். பிரிண்ட் எடுத்து மேஜையில் விரித்து, நாலு மூலையிலும் பஞ்சிங் மெஷின், கம் பாட்டில், கைக்குக் கிடைத்ததை வைப்பார். சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுப்பார். இடது கையில் கஸ்டமர் கொடுத்த லிஸ்ட். கடைசிப் பேரிலிருந்து மேலே படித்துக்கொண்டு வருவார். "மேலேர்ந்து படிச்சா கண்ணு தானா ஓடும்மா, கீழேர்ந்து படிச்சாத்தான் நிக்கும்" என்பார். ஒவ்வொரு பேருக்கும் பச்சைப் பேனாவில் ஒரு டிக். அதுவரைக்கும் கடையில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. முடிந்ததும் லென்ஸைத் துடைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, "ம், அனுப்பு" என்பார்.

அவர் அப்படி ஆனதற்கு நான்தான் காரணம். ஃப்ளெக்ஸ் வந்த புதிதில் ஒரு கல்யாணப் பேனரில் தாய்மாமன் பேரை விட்டுவிட்டேன். அந்த மாமன் மண்டப வாசலில் பேனரைப் படித்துப் பார்த்துவிட்டு, கொண்டுவந்த சீர்த் தட்டோடு திரும்பிப் போய்விட்டார். பொண்ணோட அம்மா கல்யாணப் புடவையோடு கடைக்கு வந்து, "எங்கண்ணன இட்டாந்து குடு" என்று என் மேஜையில் அடித்து அழுதார். சார் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் லென்ஸ் வாங்கினார். "லிஸ்ட்டுல கீறத வுடாத, லிஸ்ட்டுல இல்லாதத சேக்காத. அவங்க குடும்பத்த அவங்க எழுதிக் குடுப்பாங்க. நமக்கு எழுத்து மட்டும்தான்." இவ்வளவுதான் சொன்னார்.

இதெல்லாம் நடந்து வெகு காலம் கழித்துத்தான் மூர்த்தி வந்தார். சாலவாக்கம் தாண்டி ஒரு கிராமம், ஏரிக்குக் கீழே நிலம் உள்ள குடும்பம். அப்பா கோவிந்தசாமி இறந்து எட்டு நாள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் படத்திறப்பு வைக்கிறார்கள், தலைமை ஆசிரியருக்குச் செய்த மாதிரி நைனா முகத்தைப் பிள்ளைகள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் பேராலேயே செய்து தர வேண்டும் என்றார். மூன்றடிக்கு நாலடி போதும் என்று லிஸ்ட்டைக் கொடுத்தார். முப்பத்தெட்டுப் பேர். கூடவே ஏதோ அடையாள அட்டையிலிருந்து எடுத்த போட்டோ.

"இத வெச்சுப் பண்ண முடியாதுண்ணே. மூஞ்சில வெளிச்சமே இல்ல, நிழலும் இல்ல. எழுத்து வெச்சா செவுரு மாதிரி நிக்கும்."

"வேற இல்லம்மா. நைனா போட்டோ எடுத்துக்கவே ஒத்துக்காது. பாத்துப் பண்ணு."

மறுநாள் ஒரு பெண் தனியாக வந்தாள். முப்பது வயசு இருக்கும். கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்றாள்.

"கோவிந்தசாமி படம் இங்கதான் பண்றாங்களாக்கா? நான் அவரு பொண்ணு. அமுதா."

லிஸ்ட்டில் அமுதா என்று பேர் இல்லை. அவளே சொன்னாள். காலனிப் பையனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு காஞ்சிபுரம் பக்கம் தாமலில் இருக்கிறாள். அன்றிலிருந்து வீட்டில் அவள் பேரை யாரும் எடுப்பதில்லை. சாவுக்கு வந்தவளை அண்ணன் மூர்த்தி தெருமுனையிலேயே நிறுத்திவிட்டாராம். முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை.

போனை எடுத்துக் காட்டினாள். கோவிந்தசாமி வெறும் உடம்போடு, தோளில் துண்டோடு, ஒரு வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்கிறார். மடியில் ஒரு பெண் குழந்தை. இடது பக்கமிருந்து காலை வெயில். இதைவிட நல்ல போட்டோ எனக்கு என் வாழ்நாளில் கிடைத்ததில்லை.

"மாசத்துக்கு ஒரு தபா நைனா எங்க வூட்டுக்கு வரும். அண்ணனுக்குத் தெரியாது. உரம் வாங்கப் போறேன்னு சொல்லிக்கினு வரும். இத வெச்சிப் பண்ணுங்க. யாரு குடுத்தான்னு சொல்லாதீங்க."

"சரிம்மா."

"என் பேர மட்டும் ஒரு ஓரத்துல வெச்சிடுங்கக்கா. சின்னதா. யாருக்கும் தெரியாத எடத்துல. எனக்குத் தெரிஞ்சா போதும்."

சரி என்றேன். யோசிக்கவே இல்லை. அவள் நின்ற நிலையைப் பார்த்தவர்கள் யாராக இருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவள் போன் நம்பரையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

குழந்தையையும் வாசற்படியையும் வெட்டி எடுத்துவிட்டு முகத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். நாலு நாள் வேலை. சிரிக்கிற முகத்தில் கண்ணுக்குக் கீழே பிறை மாதிரி ஒரு சின்ன மேடு வருமே, இடது கண்ணுக்குக் கீழே அந்த மேட்டில்தான் வெயில் நன்றாக விழுந்திருந்தது. அங்கே அமுதா என்று வைத்தேன். அ அந்த வளைவோடு அப்படியே படுத்துக்கொண்டது. தா மூக்குப் பக்கமாக இறங்கி முடிந்தது. சும்மா சொல்லக் கூடாது, முப்பத்தொன்பது பேரில் அந்த ஒரு பேர்தான் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

சார் ப்ரூஃபை விரித்தார். லென்ஸ் கழுத்திலிருந்து தாடைக்கு ஏறியது, தாடையிலிருந்து கன்னத்துக்கு. கண்ணுக்குக் கீழே நின்றது. லிஸ்ட்டைப் பார்த்தார். மறுபடி லென்ஸ்.

"இது யாரும்மா?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போட்டோவை யார் கொடுத்தது என்பதையும். அவர் லென்ஸைக் கீழே வைத்தார். நான் வேலை செய்த காலத்தில் ப்ரூஃப் நடுவில் அவர் லென்ஸைக் கீழே வைத்தது அன்று ஒரு நாள்தான்.

"நல்ல பொண்ணாத்தான் இருக்கும். நான் இல்லன்னு சொல்லல. ஆனா மூர்த்தி ஒவ்வொரு பேராப் படிப்பான். காரிய வூட்டுல, அத்தினி ஜனத்துக்கு முன்னாடி பாத்துட்டு ஆத்திரத்துல கிழிச்சான்னு வை. கிழியறது யாரு மூஞ்சி? அந்தப் பொண்ணோட நைனா மூஞ்சிதான். அதையும் அது தெருமுனையில நின்னு பாக்கணுமா?"

அவர் சொன்னதில் தப்பு இருந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். சீர்த் தட்டோடு திரும்பிப் போன அந்தத் தாய்மாமனும் நினைவுக்கு வந்து தொலைத்தார்.

திரும்பிப் போய் அந்த லேயருக்குப் பக்கத்தில் இருந்த கண்ணை அமுக்கினேன். பேர் மறைந்தது. அந்த இடம் கறுப்பாகக் குழி விழுந்து, பெரியவருக்கு யாரோ கண்ணில் குத்திய மாதிரி ஆகிவிட்டது. ஏதாவது ஒரு பேரை நிரப்பியாக வேண்டும். கைக்கு முதலில் வந்தது மூர்த்தி. அதைக் காப்பி எடுத்து வளைத்து வைத்தேன். சார் படித்தார், டிக் போட்டார், "ம், அனுப்பு" என்றார்.

சாயங்காலம் மூர்த்தி வந்து பார்த்தார். மேஜைமேல் குனிந்தார். பிறகு, "நைனா இப்டி சிரிச்சு நான் பாத்ததே இல்லியேம்மா. இது எங்க எடுத்தது?" என்று கேட்டார். நீங்கள் கொடுத்த போட்டோவைத்தான் கம்ப்யூட்டரில் சரி பண்ணினேன் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். லென்ஸ் எல்லாம் கேட்கவே இல்லை. ஒரு பேரைக்கூடப் படிக்கவில்லை.

அப்போதே அமுதாவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். நம்பர் மேஜைமேலேயே கிடந்தது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். கோழை என்று சொன்னால் கோழைதான்.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கடை சார்பில் மாலையோடு என்னைத்தான் அனுப்பினார் சார். டவுன் பஸ்ஸில் போய் இறங்கினேன். ஊர்த் திருப்பத்தில் ரோட்டோரமாகவே பேனரைக் கட்டியிருந்தார்கள். மாலையைக் கொடுத்துவிட்டு, சாப்பிடச் சொன்னதற்கு வேலை இருக்கிறது என்று சொல்லித் திரும்பி வந்தேன். ஜனமெல்லாம் பந்தியில். பேனருக்கு முன்னால் அமுதா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். அப்பாவின் தாடையிலிருந்து ஒவ்வொரு பேராக விரலை வைத்து நகர்த்திக்கொண்டு வந்தாள். ஃப்ளெக்ஸில் அவ்வளவு சின்ன எழுத்து கலங்கிப்போய்விடும், படிக்க வராது. அவள் விட்டபாடில்லை.

நான் நழுவிவிடலாம் என்று பார்த்தேன். அவள் திரும்பிவிட்டாள்.

"யக்கா! எங்க வெச்சீங்க? கண்டுபுடிக்க முடியலியே."

வாய் திறந்தது. "இடது கண்ணுக்குக் கீழம்மா" என்றேன். "சின்ன எழுத்தில்ல, பிரிண்ட்ல கலங்கிப்போச்சு."

அவள் எக்கி நின்று அந்த இடத்தைத் தொட்டாள். முகம் அப்படியே மலர்ந்துபோனது. அத்தோடு நான் பஸ் ஏறியிருக்கலாம்.

"அண்ணன் பாத்துச்சாக்கா?"

"பாத்தாரு. எல்லாப் பேரையும் படிச்சாரு. ஒண்ணும் சொல்லல."

இதை ஏன் சொன்னேன்? சத்தியமாகத் தெரியவில்லை. பிடிபடாமல் இருக்கவா, அவளைச் சந்தோஷப்படுத்தவா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என் கை கூசியது.

கழுத்து எலும்பு தேய்ந்து, போன வருஷம் வேலையை விட்டேன். இந்த ஆடி அமாவாசைக்கு முன்னால் அமுதா போன் பண்ணினாள். காரியத்தன்று சாயங்காலமே அவள் வீட்டுக்காரர் அந்தப் பேனரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டாராம். மூர்த்தி பார்த்தும் கம்மென்று போனாராம். இத்தனை நாள் சுவரில் இருந்தது இப்போது வெளுத்துப்போய்விட்டது, சின்னதாகப் புதுசு போட்டுப் பிரேம் பண்ணித் தர முடியுமா என்று கேட்டாள்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. கடைக்குப் போய், பழைய ஃபைலைத் தேடி எடுத்து, மூர்த்தி பேரை எடுத்துவிட்டு, மூடிக் கிடந்த லேயரைத் திறந்தேன். அமுதா அதே வளைவில் வந்து உட்கார்ந்தாள். வேறு ஃபைலாகச் சேமித்து, நல்ல போட்டோ பேப்பரில் பிரிண்ட் போட்டு, நானே பஸ் மாறித் தாமலுக்கு எடுத்துக்கொண்டு போனேன். செய்த தப்பை யாருக்கும் தெரியாமல் சரி பண்ணிவிட்டேன் என்று வழியெல்லாம் மனசு லேசாக இருந்தது.

அவள் பிரேமை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். "தோ கீது! அன்னிக்கி கலங்கிக் கீதுன்னீங்களே, இப்ப பளிச்சுன்னு கீதுக்கா!" காபி போட்டுக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னா தெரியுமாக்கா? தை மாசம் அண்ணன் இங்க வந்துச்சு. இத்தினி வருஷத்துல மொத தபா. நெலத்தப் பிரிக்கிறோம், எனக்குப் பங்கு வேணாம்னு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போடுன்னுச்சு. எங்க வூட்டுக்காரு வேணாம்னாரு. பொண்ணுக்கும் பங்கு கீது, வக்கீலக் கேளுன்னாரு. நான்தான், போய்யா, எல்லாப் பேரையும் படிச்சிப் பாத்துட்டும் என் பேர நைனா மூஞ்சிலேர்ந்து எடுக்காம வுட்டவன் எங்கண்ணன், அவன் கேட்டு நான் இல்லன்றதான்னு, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல போய்ப் போட்டுக் குடுத்துட்டேன்."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். அவள் வெகுளியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படியே எழுந்து போயிருந்தால் அவளுக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் அந்தப் புதுப் பிரேம் அவள் மடியில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

சொன்னேன். லேயரை மூடியது, அவள் அண்ணன் ஒரு பேரைக்கூடப் படிக்காதது, ரோட்டில் சொன்ன பொய், இன்றைக்குக் கொண்டுவந்த பொய், எல்லாவற்றையும்.

அவள் எழுந்து உள்ளே போனாள். சுவரில் வெளுத்துப்போய்த் தொங்கிய பழைய படத்துக்கு முன்னால் நின்றாள். இடது கண்ணுக்குக் கீழே சந்தனம் வைத்து வைத்து மஞ்சளாகக் கறை பிடித்திருந்தது.

"அப்ப இங்க யாரு பேரு கீது?"

"உங்கண்ணன் பேரு."

வக்கீலிடம் நான் வருகிறேன், எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்றேன். "இன்னான்னு சொல்லுவீங்க?" என்று கேட்டாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தேன். அவள் திட்டவில்லை. வந்து, நான் குடிக்காமல் வைத்த காபி டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

"அன்னிக்கி ரோட்டுல, இல்லம்மான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, அழுதுட்டு வூட்டுக்கு வந்திருப்பேன்க்கா" என்றாள். "அவ்ளோதான் ஆயிருக்கும்."